தூங்க வைத்துக் காட்டிய குட்டிகள்

எனக்குப் பூனை ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ பூனைக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

என் ஜெராக்ஸ் கடைக்கும் சோபாக்காரர் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு உண்டு, இரண்டும் ஒரே கடையாக இருந்த காலத்தில் வைத்தது. என் பக்கம் தாழ் போட்டு, அதை ஒட்டிக் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். இருந்து என்ன பிரயோஜனம்? கதவுக்கு அடியில் இரண்டு விரல் அளவு சந்து. அந்தச் சந்து வழியாகப் புள்ளி போட்ட ஒரு கை வந்து என் காகிதங்களைத் துழாவும். ஒரு கை போனால் இன்னொரு கை. மொத்தம் நான்கு குட்டிகள்.

சோபாக்காரர் அதிகம் பேசமாட்டார். சட்டத்தின் மேல் நாடாவை இழுத்துக் கட்டுவதும், ஃபோமை வெட்டி ஒட்டுவதும், ரெக்சினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடிப்பதும் அவர் வேலை. அளப்பதும் வெட்டுவதும் தைப்பதும் அவர் மனைவி. தெருவில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பேர். ரெக்சினைத் தரையில் குப்புற விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டிக்கொண்டு போவாள். நடுவில் கத்தரியைத் தூக்கவே மாட்டாள். அதனால் வந்த பேர் என்பாள் அவள். வாயால் வந்த பேர் என்பார் அவள் வீட்டுக்காரர். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே என்னிடம் என்ன வேலையையும் வாங்கிவிடுவாள்.

பூனை வந்த கதை இது. ஒரு கம்பெனி மேனேஜரம்மா மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்தார். கைப்பிடியெல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. கிழித்தது அவர் வளர்த்த பெங்கால் ஜாதிப் பூனை. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, வெயில் பட்டால் தங்கம் பூசின மாதிரி மினுங்கும். வேலை பாதியில் இருக்கும்போது மேனேஜரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிழிந்த சோபாவையும் வேண்டாம் என்று விட்டார், கிழித்த பூனையையும் ஒரு கூடையில் கொண்டுவந்து விட்டார். கத்திரியக்கா அதற்கு மேடம் என்றே பேர் வைத்தாள். மேடம் அந்தக் கிழிந்த சோபாவைத் தவிர வேறு எதிலும் நகம் வைக்காது. ஆனால் வந்த கொஞ்ச நாளில் தெருவிலிருந்த ஒற்றைக்காதுக் கடுவனோடு சிநேகமாகிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

குட்டிகளுக்குப் பட்டறைச் சாமான்களின் பேரையே வைத்தார்கள். நிற்காமல் ஓடுகிறவன் ஜிப். சோபா ஓரத்தில் வைத்துத் தைக்கும் கயிறு மாதிரி நீளமாக ஒல்லியாக இருந்தவன் பைப்பிங். உருண்டையாக மெத்தென்று இருந்த பெண் குட்டி ஃபோம். சின்னது பட்டன். பார்க்க அத்தனையும் அழகு, அதை நான்கூட மறுக்கமாட்டேன். அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோதே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா வழியில் காட்டுப்பூனை ரத்தம் உண்டு, அப்பன் தெருவில் வளர்ந்த முரடன், இரண்டும் சேர்ந்தால் சும்மா உட்காராது. ஏற உயரம் வேண்டும், விளையாடத் துணை வேண்டும், தண்ணீரைக் கண்டால் பயப்படாது, தனியே அடைத்தால் கத்தியே ஊரைக் கூட்டும். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பின்கட்டில் கைகழுவும் தொட்டியில் பிடியைத் தட்டினால் திறக்கும் குழாய். அதைத் திறக்க ஃபோம் கற்றுக்கொண்டாள், மற்ற மூன்றுக்கும் கற்றுக்கொடுத்தாள். மாடியில் அவர்கள் குடியிருக்கும் அறையில் போட்டுப் பூட்டினால், ஜன்னல் வழியாக இறங்கி, சன்ஷேடில் நடந்து, என் கடையின் வெண்டிலேட்டரில் புகுந்து வரும். ஒரு தடவை ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்தால் உள்ளே பட்டன் தூங்குகிறது. மெஷின் சூடாக இருக்கிறதாம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பல் டாக்டரம்மா வேலை வந்தது. புது கிளினிக், பெரிய ஹால், சுவரோரம் முழுக்க மெத்தை பெஞ்சுகள். அவர் தேர்ந்தெடுத்தது பாலாடை நிறத்தில் மெல்லிய ரெக்சின். அந்த நிறத்தில் இருந்த சரக்கு அவ்வளவுதான், திரும்ப வராது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஓர் இடத்தில் நகம் பட்டாலும் மாற்றுத் துண்டு கிடையாது. சோபாக்காரர் இத்தனை வருஷமாகக் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தவர். முதன்முதலாகப் புது வேலை, அதுவும் அவர் பேரைச் சொல்லும்படியான இடத்தில். ராத்திரி தூங்காமல் பெஞ்சுக்குப் படம் வரைகிறார் என்று கத்திரியக்காவே பெருமையாகச் சொன்னாள். கூடவே அவர் சொன்னதையும் சொன்னாள்.

"ரோல் வந்து இறங்கறதுக்குள்ள குட்டி இறங்கிடணும். இல்லன்னா அண்ணன் வண்டியில ஏத்தி விட்டுடுவேன்."

அண்ணன் என்றால் அவருடைய கூடப்பிறந்த அண்ணன், லோடு வண்டி ஓட்டுகிறவர். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் விட்டால் ராஜா மாதிரி சாப்பிட்டு வளரும் என்று அவர் ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார். அந்த இடத்தில் எத்தனை நாய் என்று கத்திரியக்காவுக்குத் தெரியும். இந்தக் குட்டிகளோ குஷன் மேல் பிறந்தவை, யாரைக் கண்டாலும் காலைச் சுற்றுகிறவை. ஒரு வாரம் தாங்காது என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அடுத்து அண்ணே என்பாள் என்று தெரியும்.

"அண்ணே, ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். சிறுத்தைப் புள்ளி போட்ட அழகான, சாதுவான குட்டிகள், நல்ல வீடுகளுக்கு மட்டும். சாதுவான என்ற இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கென்ன, கொடுத்ததை அடிப்பவன் நான்.

பட்டறையில் பழைய சோபாவைச் சரிசெய்து விற்கும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒட்டுப்போட்ட பக்கத்தைச் சுவரோரம் தள்ளி, நல்ல பக்கத்தை வாசலைப் பார்க்க வைத்து, சந்தேகமான இடத்தில் ஒரு குஷனைச் சாய்த்துவிடுவார்கள். பொய் சொல்லமாட்டார்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காதவர்களுக்கு வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். கத்திரியக்கா அதே முறையைக் குட்டிகளுக்கும் கையாண்டாள்.

யாராவது பார்க்க வருகிறேன் என்று போன் செய்தால் மத்தியானம் வரச் சொல்லுவாள். காலை முழுக்க ஒரு நீளக் கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். குட்டிகள் அவள் பின்னால் பறக்கும், தாவும், உருளும். அவளுக்கே மூச்சு வாங்கும். பிறகு வயிறு முட்ட மீன். ஆட்கள் வரும் நேரம் நான்கும் அவள் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கும். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஐயோ எவ்வளவு அடக்கம் என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் நான்கு பூசணிக்காயை மறைத்தாள்.

முதலில் ஜிப் போனான், ஒரு பேங்க் அதிகாரி வீட்டுக்கு. போன வேகத்தில் திரும்பி வந்தான். ஹாலில் தொங்கிய திரையில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டானாம், இறங்கும்போது நகத்தாலேயே சறுக்கி இறங்கினானாம். மேலிருந்து கீழே வரை ஒரே கிழிசல். அந்தத் திரையைத் தைத்துக் கொடுத்ததே கத்திரியக்காதான். அதிகாரியின் மனைவி கிழிந்த திரையையும் குட்டியையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை, பேசியிருந்தால்கூடத் தேவலை என்றாள் இவள்.

அடுத்தது பைப்பிங். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தனி ஆள், துணைக்கு வேண்டும் என்று ஆசையாக வாங்கிப் போனார். வீட்டில் பெரிய மீன்தொட்டி இருப்பதை அவரும் சொல்லவில்லை, குட்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பதை இவளும் சொல்லவில்லை. வாத்தியார் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பைப்பிங் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டிருக்கிறான். மீன் ஒன்றையும் தின்னவில்லை, சும்மா அவற்றோடு நின்றான் என்று வாத்தியாரே சாட்சி சொன்னார். ஆனால் அந்த அதிர்ச்சியில் அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. குட்டி இன்னும் ஈரமாக இருந்தது.

ஃபோம் மட்டும் திரும்பவில்லை. புதிதாகக் குடிவந்த ஒரு புருஷன் பெண்டாட்டி கொண்டுபோனார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு போன் இல்லை, ஒரு புகார் இல்லை. கத்திரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா அண்ணே, ஒன்று தங்கிவிட்டது, மற்றதும் தங்கும் என்று என்னிடம் வந்து சொன்னாள். இதற்குள் சோபாக்காரர் நாளுக்கு நாள் முகம் கடுத்துக்கொண்டே போனார். டாக்டரம்மா போன் செய்யும்போதெல்லாம் தயாராகிக்கொண்டே இருக்கிறோம் என்பார், போனை வைத்துவிட்டு உத்தரத்தில் தொங்கும் பட்டனைப் பார்ப்பார்.

ஒருநாள் கத்திரியக்கா ஃபோம் போன வீட்டுப் பக்கம் ஜன்னல் அளவெடுக்கப் போயிருந்தாள். வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று அங்கே ஏறினாள். திரும்பி வந்தபோது ஃபோமை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். பட்டறைக்குள் போகாமல் நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உள்ளே போனால் அவர் கேட்பார், முதலில் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றாள்.

"பாத்ரூம்ல போட்டு வெச்சிருந்தாங்க அண்ணே. கொண்டுபோன நாள்லேருந்து. சோறு, தண்ணி, எல்லாம் உள்ளேயே. கெட்டவங்க இல்ல, சோபா கிழிச்சிடும்னு பயம். அந்தப் பொண்ணு எங்கிட்ட சந்தோஷமா சொல்லுது, மொதல்ல கத்திக்கிட்டே இருந்துச்சுக்கா, இப்ப ரொம்ப நல்லதாயிடுச்சு, சத்தமே இல்ல, நீங்க சொன்ன மாதிரியே சாதுவா இருக்குன்னு."

முந்தானையை விலக்கிக் காட்டினாள். அதே உருண்டை முகம்தான். கையை நீட்டினேன், என்னையும் மீறி நீட்டிவிட்டேன். அது முகரக்கூட இல்லை, உடம்பை அவள் மடியோடு மடியாக ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. எனக்கு அந்தப் பெண்ணின் மேல் வந்த கோபத்தைவிட இவள் மேல்தான் அதிகம் வந்தது. சாது என்று அடிக்கச் சொன்னவள் இவள்தானே. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்து ஒரு டீ வரவழைத்தேன்.

அன்றைக்கு அவர்கள் போட்ட சண்டை சுவரைத் தாண்டி வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நான் காது கொடுத்துக் கேட்டேன் என்று இல்லை, மெஷின் ஓடாத நேரம்.

"இன்னும் எத்தனை பேர் வீட்ல கொண்டுபோய் வெச்சுத் திருப்பி எடுத்துட்டு வரப்போற? பேசாம அண்ணன்கிட்ட குடு."

"குடுக்க மாட்டேன்."

"அப்ப டாக்டரம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. எங்க வீட்ல பூனைக்குத்தான் பெஞ்சு, உங்களுக்கு இல்லன்னு."

"நான் உண்மையைச் சொல்லியிருந்தா நாலும் ஒழுங்கா ஒரு இடத்துல இருந்திருக்கும். தப்பு எம்மேலதான். போதுமா?"

கொஞ்ச நேரம் ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம். பிறகு அவர் குரல், கோபம் குறைந்து.

"உன்னையும் அப்படித்தானே எனக்குக் காட்டினாங்க. எம் பொண்ணு வாயில்லாப் பூச்சின்னு உங்கப்பா சொன்னாரு. நீயும் அன்னிக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்த."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்."

"அதைத்தான் சொல்றேன். நல்லாத் தூங்க வெச்சுக் காட்டியிருக்காங்க."

"நீங்க திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்கலாமே."

அதற்கு அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, சுவர் அந்த அளவுக்கு மெல்லியது இல்லை.

மறுநாள் காலையில் அவள் வந்து புது நோட்டீஸ் அடிக்கச் சொன்னாள். பழையதில் ஒன்றை என் கண்ணாடியிலிருந்து அவளே உரித்து எடுத்தாள். புதியதில் அவள் சொன்னது இது. பெங்கால் கலப்புக் குட்டிகள். சாது இல்லை. திரையில் ஏறும். குழாயைத் திறக்கும். காலையில் நெஞ்சில் உட்கார்ந்து எழுப்பும். தனியாக விட்டால் கத்தும், அதனால் ஜோடியாக மட்டும் தரப்படும். வீட்டில் அடைத்து வைப்பவர்கள் போன் செய்ய வேண்டாம். அடித்துக் கொடுத்துவிட்டு, கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

நான் நினைத்தபடியே போன் நின்றுபோயிற்று. வந்த ஒன்றிரண்டும் வம்பு பேசத்தான் வந்தன. ஒருத்தர், இதை எதற்கு வீட்டில் வைத்திருக்கிறீர்கள், சர்க்கஸுக்குக் கொடுங்கள் என்றாராம். ரோல் வந்து இறங்கும் நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு நினைப்பில் ஒரு திண்டு உறையைக் குறுக்கே வெட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தரி பிசகி நான் கேள்விப்பட்டதில்லை. சோபாக்காரர் அந்தத் துண்டை மடித்து ஓரமாக வைத்தார். ஃபோம் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். குழாய்ப் பக்கமே போகவில்லை. பட்டன் மட்டும் போய் அதன்மேல் சாய்ந்துகொண்டு கிடக்கும், மற்ற இரண்டும் கூப்பிட்டாலும் வராது.

அப்போதுதான் அட்டைப்பெட்டிக் குடோன் அக்கா தங்கச்சி வந்தார்கள். நோட்டீஸைப் படித்துவிட்டு, போன்கூடச் செய்யாமல் நேராகக் காலை வேளையில் வந்து நின்றார்கள். குட்டிகளைக் களைப்பாக்கித் தூங்க வைக்க நேரமே இல்லை. ஜிப் ரெக்சின் சுருளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தான், பைப்பிங் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டிருந்தான். பெரியவள் இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"குழாயைத் திறக்கும்னு போட்டிருக்கீங்களே, மூடுமா?"

"மூடாதுங்க," என்றாள் கத்திரியக்கா.

"அதானே, நம்ம வீட்டு ஆளுங்களே மூடறதில்ல," என்றாள் பெரியவள். தங்கச்சிக்காரி சிரித்தாள்.

அவர்கள் குடோனில் அட்டை கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறதாம், எலி தாங்க முடியவில்லையாம், பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம். இரண்டு பேரும் அங்கேயே குடியிருக்கிறவர்கள், நாள் முழுக்க ஆள் இருக்கும். கத்திரியக்கா விடவில்லை, துருவித் துருவிக் கேட்டாள். லாரி உள்ளே வருமா, கதவு எப்படி, பெட்டிக்குள் தெரியாமல் வைத்துக் கட்டிவிடுவார்களா என்றெல்லாம் கேட்டாள். பிறகு கடையைச் சாத்திவிட்டு அவர்களோடேயே போய்க் குடோனைப் பார்த்துவிட்டு வந்தாள். ஜிப்பும் பைப்பிங்கும் சேர்ந்து போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை, இவள்தான் அடிக்கடி போய் வந்தாள். ஒருவழியாக இரண்டு குட்டி கரை ஏறிவிட்டன.

மீதி இரண்டும் இருக்கும்போதே ரோல் வந்துவிட்டது. கொண்டுவந்தது அதே அண்ணன் வண்டி. மேலே காகிதம் சுற்றிய ரோல்கள், பக்கத்தில் ஒரு கம்பிக் கூடை. கூடையை எதற்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. பின்னாலேயே டாக்டரம்மா காரும் வந்து நின்றது, நிறத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். தெருவே வேடிக்கை பார்த்தது, நானும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, விரலால் தடவி, சரிதான் என்றார். நிமிரும்போது மெஷினுக்கு அடியில் ஃபோமைப் பார்த்துவிட்டார். குனிந்து உட்கார்ந்து பார்த்தார். எவ்வளவு அழகு, எவ்வளவு சாது, இந்த மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். ஹாலில் இது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால் பல் பிடுங்க வருகிற பிள்ளைகளுக்குப் பயம் தெரியாதாம். எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டே விட்டார்.

எனக்கே அப்பாடா என்று இருந்தது. ரோல் இறங்குகிறது, குட்டி ஏறுகிறது, அதுவும் வேலை கொடுத்தவர் காரிலேயே. சோபாக்காரரின் அண்ணன் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கத்திரியக்காவோ இந்த வேலையைக் கெடுக்கமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள், அது எனக்குத் தெரியும். சாக்குக்கட்டியை உள்ளங்கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள், அது உதிர்ந்து தரையில் விழுந்தது. கொடுத்துத் தொலையேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"அது சாது இல்லம்மா," என்றார் சோபாக்காரர்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இவ்வளவு நேரம் அசையாம உக்காந்திருக்கே?"

"அதாம்மா. அது இப்படி உக்கார்ற ஜாதியே இல்ல. ஒரு வீட்ல தனியா அடைச்சு வெச்சுட்டாங்க, பயந்துபோய்க் கெடக்குது."

"உங்களுக்குக் குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடலாமே."

அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பேசிப் பழக்கமில்லாத மனிதர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோலைப் பார்த்தபடியே சொன்னார்.

"இஷ்டம் இல்லாம இல்லம்மா. உள்ள ஸ்பிரிங் உடைஞ்ச சோபா இருக்கு பாருங்க, மேல தடவினா மெத்துன்னுதான் இருக்கும். உக்காந்தாத்தான் தெரியும். அந்த மாதிரி ஒண்ணை உங்க ஹால்ல நான் எப்படிப் போடுவேன்? இது தேறட்டும். தேறினப்புறம் ஓடும், தாவும், குழாயைத் திறந்து விடும், இந்தச் சின்னதும் கூடவே வரணும். அப்பவும் உங்களுக்கு வேணும்னா சந்தோஷமாக் குடுக்கறோம்."

டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை குனிந்து விரலை நீட்டிப் பார்த்தார். ஃபோம் அதேபோலத் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவர் விரலை மடக்கிக்கொண்டு எழுந்தார். தேறினால் சொல்லுங்கள் என்றார். ரெக்சினில் ஒரு கீறல் இருந்தாலும் பெஞ்சை எடுத்துக்கொள்ள மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று காரில் ஏறினார்.

வண்டிக்கார அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீடு தேடி வந்த லட்சுமியைத் துரத்திவிட்டாய், ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் என்று கத்திவிட்டு, கூடையைக் காலியாகவே தூக்கி வண்டியில் எறிந்தார். கத்திரியக்கா வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல், இந்த ரோலை இனி எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து எங்கே பார்த்தார்கள் தெரியுமா? என் சுவரிலிருந்த கதவைப் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றாள் கத்திரியக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது, காகிதக் கட்டைத் தள்ளி வைக்க ஒரு கை பிடியுங்கள் என்பதுதான். அன்றிலிருந்து என் கடை பாதி பட்டறை ஆயிற்று. பாலாடை நிற ரோல்கள் மெஷினை ஒட்டி நின்றன. கத்திரியக்கா என் தரையில் விரித்து வெட்டினாள், அவர் என் வாசலில் பெஞ்சு அடித்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ரெக்சினைத் தாண்டித் தாண்டி வந்தார்கள், சிலர் வராமலே போனார்கள். என் சட்டையிலெல்லாம் ஃபோம் துகள். வெண்டிலேட்டருக்கு நானே வலை அடித்தேன். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் ஒரு கட்டையை வைத்து அடைத்தேன். அப்படியும் நாளுக்கு நாலு தடவை ரோலைச் சுற்றிப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று நான்தான் பதறிக்கொண்டிருந்தேன். யார் வீட்டுப் பூனைக்கு யார் காவல்?

பட்டறையில் ஃபோமை யாரும் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று விட்டார்கள். மேடம் வந்து அதை நக்கிவிட்டுப் போகும். பட்டன் அதன் முன்னால் நூல்கண்டை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து போடும். பிறகு ராத்திரியில் தட்டு காலியாக ஆரம்பித்தது. ஒருநாள் மெஷினுக்கு அடியிலிருந்து வால் மட்டும் வெளியே வந்து ஆடியது என்று கத்திரியக்கா வந்து சொன்னாள். வாலா என்று கேட்டுவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு மாலை கடை சாத்தும்போது குனிந்து பார்த்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை.

பெஞ்சுகள் முடியும் தறுவாயில் இருந்தன. ஒரு காலை நான் ஷட்டரைத் தூக்கினால் கடைக்குள் தண்ணீர். கதவுக்கு அடியில் வைத்த கட்டை மிதந்துகொண்டிருந்தது. நல்லவேளை, பெஞ்சும் ரோலும் மரப்பலகை மேல் இருந்தன, ஒரு சொட்டுப் படவில்லை. என் காகிதக் கட்டுகள் தரையில் இருந்தன. நான்கு கட்டும் அடிவரை ஊறி, தூக்கினால் கையோடு பிய்ந்து வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு நடுக்கதவின் தாழைத் திறந்தேன்.

பட்டறை முழுக்கத் தண்ணீர். பின்கட்டுத் தொட்டியில் குழாய் முழுசாகத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் போகும் துவாரத்தை நூல்கண்டு அடைத்திருந்தது. தொட்டி விளிம்பில் ஃபோம் நின்று, விழுகிற தண்ணீரைக் கையால் அடித்து அடித்து, தொண்டை கரகரக்கக் கத்திக்கொண்டிருந்தது. கீழே பட்டன் அந்தத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது. சோபாக்காரரும் கத்திரியக்காவும் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி, கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் குழாயை மூடப் போகவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சோபாக்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். என்னையும் என் கையிலிருந்த காகிதக் கூழையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, டாக்டரம்மா நம்பர் உங்ககிட்ட இருக்கில்ல? உடனே போன் போடுங்க. ரெண்டும் தூங்கிடறதுக்குள்ள வந்து பாக்கச் சொல்லுங்க."